அநேகமாக என்றால் எவ்வளவு?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "அந்தச் சொல் அநேகமாக வடக்கிலிருந்து வந்திருக்கும்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். "அநேகமாக என்றால் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் அநேகமாக, ஒருவேளை, வரலாம், வரக்கூடும், வரும்போல என்ற அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நான் 'ஒருவேளை' என்று எழுதிய பல இடங்களில் பிழைதிருத்துபவர் 'அநேகமாக' என்று மாற்றிவிடுகிறார். கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்கிறார். ஒன்றா?

ஒன்று இல்லை. தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் ஒருவருக்காகக் காத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அநேகமாக வந்துவிடுவார்" என்றால் கதவைத் தாழிடாமல், வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்போம். "ஒருவேளை வரலாம்" என்றால் தாழிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம், தட்டினால் எழுந்து திறந்துகொள்ளலாம் என்று. ஒரு சொல் மாறியதில் ஒரு வீட்டின் இரவே மாறிவிடுகிறது பாருங்கள். அநேகமாக என்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். வருவார் என்பதுதான் அவருடைய கணிப்பு, தவறினால் அவர் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். ஒருவேளை என்பவர் எந்தப் பக்கமும் சாயவில்லை, அப்படி ஒன்று நடப்பதற்கும் இடம் இருக்கிறது என்று கதவை லேசாகத் திறந்து வைக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் பிழைதிருத்துபவரிடம் வாதம் செய்ய வேண்டாம், இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஒருவேளை அவர் வந்தால் இந்தக் கவரைக் கொடுத்துவிடு." இது சரியாக இருக்கிறதா? இப்போது "அநேகமாக அவர் வந்தால் இந்தக் கவரைக் கொடுத்துவிடு" என்று சொல்லச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும். 'வந்தால்' என்ற நிபந்தனைக்குள் ஒருவேளை இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அநேகமாக உள்ளே நுழைய மறுக்கிறது. ஏனென்றால் வருவார் என்று முக்கால்வாசி முடிவுகட்டிய பிறகு 'வந்தால்' என்று கேட்க என்ன இருக்கிறது? இன்னொன்று: "ஒருவேளை கோபித்துக்கொண்டாரோ?" என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறோம். "அநேகமாகக் கோபித்துக்கொண்டாரோ?" என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

வினைமுற்றும் இந்தச் சாய்வுக்கு ஏற்றபடி மாற வேண்டும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அநேகமாக என்று தொடங்கினால் வருவார், இருக்கும், முடிந்துவிடும் என்று உறுதியான முற்றில் முடிப்பதுதான் என் காதுக்கு இதம். ஒருவேளை என்று தொடங்கினால் வரலாம், இருக்கலாம், வரக்கூடும். "அநேகமாக வரலாம்" என்று இப்போது எங்கும் எழுதுகிறார்கள், நானும் அவசரத்தில் எழுதியிருப்பேன். ஆனால் அது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். முதல் சொல் முக்கால்வாசி உறுதி கொடுக்கிறது, கடைசிச் சொல் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பழைய உரைநடையில் "ஒருவேளை இருப்பார்கள்" என்ற அமைப்பும் கண்ணில் படும், அதைத் தவறு என்று சொல்லமாட்டேன், இன்றைக்கு எழுதினால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும்.

அப்புறம் ஒரு விஷயம், நடக்காது என்ற பக்கம் சாயும்போது அநேகமாக தனக்கென்று ஓர் எதிர்ச்சொல் வைத்துக்கொள்ளவில்லை. "அநேகமாக வரமாட்டார்" என்று வினையைத்தான் எதிர்மறையாக்க வேண்டும். பேச்சில் இதைவிட அழகாக, "வருவது சந்தேகம்தான்", "வருவார் என்று தோன்றவில்லை" என்கிறோம். மொழிபெயர்ப்பில் இந்த இரண்டையும் கையோடு வைத்திருங்கள், எல்லா இடத்திலும் 'வாய்ப்பு குறைவு' என்று போட்டால் அறிக்கை வாசனை வந்துவிடும்.

கேள்வி: அநேகமாகவா, அனேகமாகவா? இது தமிழ்ச்சொல்தானா?

வடமொழிச் சொல். 'ஏகம்' என்றால் ஒன்று. 'அன்' என்ற எதிர்மறை முன்னால் சேர்ந்தால் ஒன்று அல்லாதது, அதாவது பல. மாணிக்கவாசகரின் சிவபுராணத்தில் "ஏகன் அநேகன் இறைவன் அடிவாழ்க" என்று வருகிறதே, அங்கே இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒருவனாகவும் பலவாகவும் இருப்பவன் என்று. அன் + ஏகம் என்று பிரித்தால் 'அனேகம்' என்று றன்னகரம் போடுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நெடுங்காலமாகக் கண்ணுக்குப் பழகியது அநேகம். நான் தந்நகரம்தான் போடுகிறேன், நீங்கள் மற்றதைப் போட்டால் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே கட்டுரையில் இரண்டையும் போடாதீர்கள், அது மட்டும்தான் கேட்டுக்கொள்வது.

இந்தக் கேள்வியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 'பல' என்ற எண்ணிக்கையிலிருந்து பிறந்ததால் இந்தச் சொல் இன்னும் இரண்டு வேலை பார்க்கிறது. "அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருந்தன" என்றால் ஏறத்தாழ எல்லாமே மூடியிருந்தன என்று பொருள், அதில் ஊகம் இல்லை, கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். "அநேகமாக அவர் கடையை மூடியிருப்பார்" என்றால் பார்க்கவில்லை, கணிக்கிறார். சரி, இப்போது இதைப் படியுங்கள்: "நாளைக்கு அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருக்கும்." கிட்டத்தட்ட எல்லாக் கடைகளும் நிச்சயமாக மூடியிருக்குமா, இல்லை எல்லாக் கடைகளும் மூடியிருக்கும் என்பது இவருடைய ஊகமா? பேச்சில் இழுக்கும் இழுப்பிலேயே தெரிந்துவிடும், எழுத்தில் தெரியாது. எண்ணிக்கை என்றால் "பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்" என்று எழுதிவிடுங்கள். ஊகம் என்றால் "எல்லாக் கடைகளும் மூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்" என்று உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

'பெரும்பாலும்' என்ற சொல்லையும் சிலர் இதற்கு மாற்றாகப் போடச் சொல்கிறார்கள், தனித்தமிழாக இருக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் "பெரும்பாலும் காலையில் வருவார்" என்றால் அது அவருடைய வழக்கம். "அநேகமாகக் காலையில் வருவார்" என்றால் நாளைக் காலை, இந்த ஒரு முறை. இந்த வேறுபாடு கெடாத இடத்தில் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஒருவேளை' சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

இடத்தைப் பொறுத்தது, இது வெறும் இலக்கணச் சடங்கு இல்லை. பெரியவர்களுக்கு மாத்திரை வாங்கி வந்து அந்தக் காகித உறை மேல் நாமே பேனாவால் எழுதி வைப்போம் அல்லவா, என் வீட்டில் ஓர் உறை மேல் "வலி இருந்தால் ஒருவேளை போடவும்" என்று சேர்த்து எழுதியிருந்தது. எழுதியவர் நினைத்தது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. படித்தவருக்கு வந்த சந்தேகம், இதைப் போடலாமா வேண்டாமா என்று இவருக்கே தெரியவில்லையோ! ஒரு பொழுது, ஒரு தடவை என்ற பொருளில் 'ஒரு வேளை' என்று இடைவெளி விடுங்கள். ஊகம் என்றால் 'ஒருவேளை' என்று ஒட்டியே எழுதுங்கள். ('ஒருவேலை' என்று சிலர் தட்டச்சு செய்கிறார்கள், அது முற்றிலும் வேறு.)

ஒரு தடவை என்ற சொல் எப்படி ஊகமாக மாறியது? நம் மொழி இதை ஒரு முறை அல்ல, மூன்று முறை செய்திருக்கிறது. ஒருவேளை, ஒருக்கால், ஒரு சமயம். மூன்றுமே காலத்தின் ஒரு துண்டைக் குறிப்பவை, மூன்றுமே ஊகத்துக்கு வந்து சேர்ந்தவை. "ஒருக்கால் அவன் மறுத்தால்?", "ஒரு சமயம் வந்தாலும் வருவார்" என்று வயதானவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். எல்லா வேளையும் அல்ல, ஏதோ ஒரு வேளையில் அது நடக்கும் என்ற எண்ணம்தான் அடியில் ஓடுகிறது. அநேகத்தில் 'பல', ஒருவேளையில் 'ஒன்று'; எடை வேறுபாடு பிறப்பிலேயே இருக்கிறது. பலமுறை நடப்பது ஒரு பக்கம், ஒரு முறை நடப்பது இன்னொரு பக்கம். முதல் கேள்விக்காரருக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள், ஆசையாகத் தமிழ் படிக்கிறாள். என் அக்காவுக்கு அவளே ஒரு செய்தி அனுப்பினாள்: "அத்தை, நாளைக்கு மழை என்கிறார்கள். நீங்கள் விழாவுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறேன்." அக்கா இரண்டு நாள் பேசவில்லை. 'வரக்கூடும்' என்றால் வருவதற்கு வழியிருக்கிறது, அப்படியானால் 'வரக்கூடாது' என்றால் வராமல் போகலாம் என்றுதானே பொருள் என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

முதலில் உங்கள் அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அப்புறம் மகளிடம் சொல்லுங்கள், அவள் யோசித்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை, அவள் போன வழி சரி, அந்த வழியில் பாலம்தான் இல்லை என்று.

கூடு என்ற வினைக்குச் சேர்தல், இயலுதல், நிறைவேறுதல் என்றெல்லாம் பொருள். "ஞாலம் கருதினும் கைகூடும்" என்று 484-ஆம் குறளில் வருவது அந்த நிறைவேறுதல்தான், காலமும் இடமும் பார்த்துச் செய்தால் உலகத்தையே விரும்பினாலும் கைக்கு வந்து சேரும் என்று. அதில் ஊகத்தின் தயக்கம் கொஞ்சமும் இல்லை. இன்றைய உரைநடையில் 'வரக்கூடும்' என்றால் அது தணிந்து, நடப்பதற்கு இடமிருக்கிறது என்ற அளவில் நிற்கிறது. ஆனால் எதிர்மறையில் அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. கூடாது என்றால் தடை. உள்ளே வரக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. ஊகத்துக்கு அது திரும்பி வரவே இல்லை. மனிதருக்கு இல்லாமல் இயற்கைக்குச் சொன்னாலும் ஊகமாவதில்லை, வேண்டுதலாகத்தான் ஆகிறது: "நாளைக்கு மட்டும் மழை வரக்கூடாது" என்று கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சொல்வோமே, அது.

'வரலாம்' என்ற வடிவத்திலும் இதே சிக்கல் உண்டு. "நீங்கள் உள்ளே வரலாம்" என்றால் அனுமதி, "மழை வரலாம்" என்றால் ஊகம், "நாளைக்குப் போகலாமா?" என்றால் சேர்ந்து போக அழைப்பு. நேர்மறையில் மூன்றும் ஒரே வீட்டில் இருக்கின்றன. எதிர்மறை என்று வந்ததும் பாகம் பிரித்துக்கொள்கின்றன: அனுமதி இல்லை என்பதற்கு வரக்கூடாது, அழைப்பைத் திரும்பப் பெற வரவேண்டாம், ஊகத்துக்கு வராமல் போகலாம் அல்லது வராமல் இருக்கலாம். அந்தக் கடைசி வடிவத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'வராமல்' என்று நடக்காத செயலை முதலில் சொல்லிவிட்டு, ஊகத்தை அப்படியே நேர்மறையாக விட்டுவிடுகிறோம். ஊகச்சொல்லைத் தொடக்கூடாது, செயலைத்தான் எதிர்மறையாக்க வேண்டும், இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவள் இனித் தடுமாறமாட்டாள். அவள் எழுத நினைத்தது: "அத்தை, நாளைக்கு மழை என்கிறார்கள். உங்களால் வரமுடியாமல் போகலாம் என்று நினைக்கிறேன்." உங்கள் அக்கா இதைப் படித்திருந்தால் குடையோடு கிளம்பி வந்திருப்பார்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 'வரலாம்' அனுமதியா ஊகமா என்பதில் பெரியவர்களுக்கே குழப்பம் வரும். "மேலாளர் இன்று மூன்று மணிக்குப் போகலாம்" என்று ஒரு செய்தி அலுவலகக் குழுவில் வந்தால், அவர் போவதற்கு யாரோ அனுமதி கொடுத்தார்களா, அவர் போய்விடுவார் என்று யாரோ ஊகிக்கிறார்களா? இப்படிப்பட்ட இடத்தில் 'போகக்கூடும்' என்று மாற்றிவிட்டால் அனுமதி விலகி ஊகம் மட்டும் நிற்கும். கூடும் கொஞ்சம் எழுத்துநடைதான், ஆனால் இந்த ஓர் உதவிக்காகவே அதைப் பேச்சிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

கேள்வி: "இப்போது மணி பத்து இருக்கும்" என்கிறோம். இப்போது என்று சொல்லிவிட்டு ஏன் எதிர்காலம்?

ரொம்பப் பிடித்த கேள்வி. 'இருக்கும்' என்பதை எதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம், ஆனால் அந்த 'உம்' காலத்தை மட்டும் சுமப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்தவர் "மணி பத்து" என்பார். பார்க்காதவர் "பத்து இருக்கும்" என்பார். "அவருக்கு அறுபது வயது இருக்கும்", "இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்" எல்லாம் இந்த வகை. போய்ச் சேர்ந்தது முடிந்துபோன செயல், அதைச் சொல்லும் வடிவம் எதிர்காலத்துடையது. இன்னும் நாம் சரிபார்க்கவில்லை, சரிபார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று பொருள். ஊகத்துக்குத் தனிச்சொல்லே தேவைப்படாமல், முற்றை மாற்றி நம் மொழி காரியத்தை முடித்துவிடுகிறது. இதை நன்றாக உணர்ந்தவர்கள் எழுதும்போது வரிக்கு வரி 'அநேகமாக' தேவைப்படாது.

'போல' இதற்குப் பக்கத்து வீடு. "மழை வரும்" என்று ஊகிப்பவர் பழக்கத்தால் சொல்லலாம், மாதத்தைப் பார்த்துச் சொல்லலாம். "மழை வரும் போலிருக்கிறது" என்பவர் ஜன்னல் பக்கம் போய் எதையோ பார்த்துவிட்டார், இருட்டிக்கொண்டு வருகிறது, காற்று திரும்பிவிட்டது. கண்ணெதிரே ஓர் அடையாளம் இல்லாமல் போல வராது. வாசலில் செருப்பு கிடந்தால் "வந்துவிட்டார் போல". கோவைப் பக்கம் "மழ வருமாட்ட இருக்குது" என்பார்கள், யாழ்ப்பாணத்தில் "மழை வரும் போலக் கிடக்கு" என்பார்கள், எங்கே போனாலும் அடையாளம் பார்த்துச் சொல்வது என்ற அந்த வேலை மாறவில்லை. "மழை வருமாம்" என்றால் அதுவும் வேறு, அது யாரோ சொன்னது, சொல்பவர் தன் பெயரில் எதையும் ஏற்கவில்லை. வரும், வரும்போல, வருமாம் மூன்றையும் கலந்து எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தெரிந்தது, பார்த்தது, கேட்டது என்று ஒரு செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வளவு சின்ன ஓசையில் பிரித்துக் காட்டும் வசதியைக் கைவிடுகிறோமே என்று.

கேள்வி: பழந்தமிழில் இந்த ஐயத்துக்கெல்லாம் என்ன சொல் இருந்தது?

கொல். "கொல்லே ஐயம்" என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் முடிக்கிறது. 1081-ஆம் குறளைப் பாருங்கள்:

அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு.

தெய்வப் பெண்ணோ, அழகிய மயிலோ, கனத்த குழை அணிந்த பெண்தானோ என்று மயங்குகிறான், ஒரே குறளில் மூன்று கொல். நாம் இன்று 'ஓ' போடும் இடம் எல்லாம் அது. ஆனால் கொல் எடை போடுவதில்லை, மூன்றில் எது அதிகம் பொருந்தும் என்று சொல்வதில்லை, மயக்கத்தை மட்டும் காட்டுகிறது. அதனால் அநேகமாகவுக்கு மாற்றாக அதை அழைத்துவர முடியாது. போலும் என்பதையும் பழைய இலக்கணத்தார் கவனித்திருக்கிறார்கள், ஒப்புமை இல்லாமல் வரும் போலியை 'ஒப்பில் போலி' என்று தனியே பிரித்து வைத்தார்கள்.

கேள்வி: விபத்து நேர 'வாய்ப்பு' இருக்கிறது என்று எழுதலாமா?

நான் எழுதமாட்டேன். வாய்த்தல் என்றால் நல்லபடியாக அமைதல். நல்ல நண்பன் வாய்த்தான் என்போம். விபத்தையும் நோயையும் யாருக்கும் 'வாய்க்க' விட வேண்டாம். விபத்து நேரலாம், நேரும் அபாயம் இருக்கிறது, இரண்டும் தெளிவாக இருக்கின்றன. செய்திகளில் இந்த வழக்கம் நன்றாக ஊன்றிவிட்டது, அது தெரிந்துதான் சொல்கிறேன். 'வாய்ப்பே இல்லை' என்பது இப்போது பாராட்டாகவும் ஆகிவிட்டது என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆமாம், இப்படி ஒன்று இன்னொரு முறை அமைய வழியில்லை என்பதுதான் அதன் உள்ளே இருப்பது. நல்ல வளர்ச்சி.

கேள்வி: அநேகமாக என்றால் எத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்ல முடியாதா? நிகழ்தகவு என்று பள்ளியில் படித்தது எதற்கு?

நிகழ்தகவு கணக்குப் பாடத்தில் பிறந்த அருமையான சொல். 'தக்கார் தகவிலர்' என்ற குறளில் வரும் அதே தகவுதான், நிகழ்வதற்கான தகுதி எவ்வளவு என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் கொடுக்கிறது. பேச்சில் நாம் எண் கொடுப்பதில்லை, சொல்தான் கொடுக்கிறோம், அதை ஒவ்வொருவரும் தன் தன் எண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான்.

1951-ல் நடந்தது இது. அந்த ஆண்டு யூகோஸ்லாவியா தாக்கப்படுமா என்று அமெரிக்க உளவுத்துறையில் ஓர் அறிக்கை தயாரித்தார்கள், தாக்குதல் நடப்பதற்கு 'தீவிரமான சாத்தியம்' உண்டு என்று அதில் எழுதினார்கள். அந்தப் பணியில் இருந்த ஷெர்மன் கென்ட்டிடம் ஓர் அதிகாரி வந்து, தீவிரமான என்றால் எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். தன் மனதில் 65-க்கு 35, நடக்கும் பக்கம்தான் என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கென்ட் திரும்பிப் போய் அறிக்கை எழுதிய குழுவினர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவர் மனதில் 80-க்கு 20, இன்னொருவர் மனதில் 20-க்கு 80. அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே சொல்லை ஒத்துக்கொண்டு எழுதியவர்கள்! 1964-ல் அவரே இதைக் கட்டுரையாக எழுதி, எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று ஓர் அட்டவணையும் முன்வைத்தார்.

நம் வானிலை அறிக்கையில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று கேட்டுக் கேட்டு அது வெறும் ராகமாகப் போய்விட்டது, ஆனால் ஓரிரு இடங்கள் என்பதற்கு அளவு இருக்கிறது, அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. சில இடங்கள் என்றால் 26 முதல் 50 வரை. இது பரப்பின் கணக்கு. நடக்குமா என்பதற்குத் தனி அளவு: இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் ஆங்கில அறிக்கைகளில் தரும் பட்டியலில், 'வாய்ப்புள்ளது' என்று நாம் தமிழாக்கும் சொல்லுக்கு 25 முதல் 50 சதவீதம், அதற்கு மேல் ஒரு படி 50 முதல் 75, உச்சப் படி 75-க்கு மேல். கவனித்தீர்களா, மழைக்கு வாய்ப்பு என்று கேட்டுத் துணியை எடுத்து உள்ளே போடுகிறோம், அந்தச் சொல் பாதியைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம். மழை வராவிட்டால் அறிக்கை பொய் என்று திட்டுவது நியாயமே இல்லை.

என் அநேகமாக எவ்வளவு என்று கேட்டால், பத்தில் ஏழு எட்டு. அதற்குக் கீழே போனால் நான் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. சென்ற இதழில் எழுதிய வரியும் அந்தக் கணக்கில்தான்: ஓசையமைப்பைப் பார்த்தால் வடசொல் என்றுதான் படுகிறது, ஆதாரம் கையில் இல்லை. தெரியுமா தெரியாதா என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

கேள்வி: அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருத்துவர், "அநேகமாகப் பயப்படும்படி ஒன்றும் இருக்காது" என்றார். முடிவு வர ஒரு வாரம். இந்த 'அநேகமாக'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இது மொழிக் கேள்வி இல்லை என்று தெரியும், மன்னிக்கவும்.

மொழிக் கேள்விதான், இந்த இதழில் வந்ததிலேயே பெரிய மொழிக் கேள்வி. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாள்களை எண்ணியது எனக்கும் தெரியும். என் அப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா 'ஒன்றும் இருக்காது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார், நான் 'அநேகமாக' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன், ஒரே வீட்டில் ஒருவர் தூங்கினார், ஒருவர் தூங்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னவரிடம் திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். அவர் 'ஒருவேளை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்' என்று சொல்லவில்லை. நல்ல பக்கம் சாய்ந்துதான் பேசியிருக்கிறார், 'இருக்காது' என்று முடித்திருக்கிறார், 'இல்லாமல் இருக்கலாம்' என்று இழுக்கவில்லை. இது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் பகுதி. 'அநேகமாக' என்று முன்னால் வைத்தது, பரிசோதனை முடியாமல் முழு உறுதி கொடுக்க முடியாது என்ற அவருடைய நேர்மை. எதையோ மறைக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒரு வாரம் காத்திருக்க அது போதவில்லை என்றால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டாம். "டாக்டர், அநேகமாக என்றீர்களே, இந்த மாதிரிக் கட்டியோடு வருபவர்களில் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது?" என்று கேளுங்கள். "எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?" என்றும் கேளுங்கள், தொட்டுப் பார்த்ததிலா, ஸ்கேனிலா, அம்மாவின் வயதை வைத்தா என்று. பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் முழுக்க மனம் அதைத் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கும்.

முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.